கேட்பதை நிறுத்திய சுரப்பி

2018ஆம் ஆண்டின் கடைசி மழையில் தாத்தாவைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாளே ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். இரத்த அழுத்தம் ஏறவே இல்லை. பை பையாகச் சலைன் ஏற்றினார்கள். அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். திரையில் இருந்த எண் மட்டும் அசையவில்லை. அங்கிருந்த இளம் மலாய்க்கார டாக்டர் மூன்றாவது முறையாக எங்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா? சின்சே மருந்து, ஜாமு, பசார் மாலாமில் வாங்கியது, எதுவானாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

பாட்டி மூன்றாவது முறையும் "தாக் அடா, டாக்டர்" என்றார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, முட்டிவலிக்குச் சாப்பிடும் சத்து மாத்திரை. ஆனால் எனக்குத் தெரியும். அதை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

பல்கலைக்கழக முதலாண்டில் வார இறுதியில் போர்ட் கிள்ளானுக்கு வரும்போதெல்லாம் தாத்தா இருபது வெள்ளியைக் கையில் திணிப்பார். "அந்த வெள்ள போத்தல் தம்பி. அதே ஆள்கிட்ட வாங்கு, வேற எடத்துல வாங்காத." வாலிப வயதில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பிறகு துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் சாமான் இறக்கியவர். முட்டி தேய்ந்துபோயிருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறினார். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டார். முகம் உருண்டு கன்னம் உப்பியது. "தாத்தா சதை போட்டுட்டாரு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். கையில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் இரத்தம் கட்டியதையும், இனிப்புநீர் அளவு ஏறிக்கொண்டே போனதையும் யாரும் அந்தப் போத்தலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மூன்று வருடம் சாப்பிட்டார். காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து சோறும் இறங்கவில்லை, மாத்திரையும் இறங்கவில்லை.

நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நர்ஸிடம் திரும்பி ஏதோ சொன்னார். சில நிமிடங்களில் தாத்தாவின் கைக்குழாயில் ஹைட்ரோகார்ட்டிசோன் போனது. மறுநாள் காலை அழுத்த மருந்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மெலியோய்டோசிஸ். "மண்ணில் இருக்கிற கிருமி" என்று விளக்கினார் டாக்டர். மழைத் தண்ணீர் தேங்கிய பாத்தியில் வெறுங்காலோடு நின்றவர் தாத்தா.

துறைமுகத்தில் கிரேன்களின் கட்டுப்பாட்டு அமைப்பைப் பராமரிப்பது இப்போது என் வேலை. கட்டளை போகிறது, மோட்டார் அசையவில்லை என்றால், கட்டளையில் கோளாறா, கம்பியில் கோளாறா, வாங்கும் இடத்தில் கோளாறா என்று தேடிப் பழகியவன். தாத்தா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அந்த எண் ஏன் அசையவில்லை? தேடப் போனதில் இரண்டு வரலாறுகள் கிடைத்தன. ஒன்று கிருமியுடையது, மற்றது சுரப்பியுடையது. முதல் வரலாறு எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

அது ரங்கூனில் தொடங்குகிறது. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர், சில உடல்களின் நுரையீரலிலும் கல்லீரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டார். இறந்தவர்களில் பலர் மார்ஃபியா ஊசிக்கு அடிமையான ஏழைகள். பார்ப்பதற்குக் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரி இருந்தது. ஆனால் இவர்கள் குதிரையோடு பழகியவர்கள் அல்ல. கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இதுவோ நுண்ணோக்கியின் அடியில் நீந்தியது. புதிய கிருமி என்று முடிவுசெய்து 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் கட்டுரை எழுதினார். கட்டுரையில் இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டாவது பெயர் சி. எஸ். கிருஷ்ணசாமி, விட்மோரின் உதவியாளர். நோய்க்கு விட்மோர் நோய் என்று பெயர் வந்தது. கிருஷ்ணசாமி இணையாசிரியராக மட்டும் எஞ்சினார்.

கதை அங்கிருந்து கோலாலம்பூருக்கு வருகிறது. 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. ரப்பரும் ஈயமும் வளர வேண்டுமென்றால் கூலிகள் சாகாமல் இருக்க வேண்டும், அந்தக் கணக்கில் உருவான ஆய்வுக்கூடம். அது வெறும் கணக்கல்ல என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரில் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே மலேரியா வாரிக்கொண்டு போனது. கிள்ளான் மாவட்ட மருத்துவரான மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்த பிறகுதான் துறைமுகம் பிழைத்தது. 1972இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது. தாத்தா கடைசிவரை 'சுவெட்டன்ஹம்' என்றுதான் சொல்வார்.

1913இல் அந்தக் கழகத்தில் பரிசோதனைக்கு வளர்த்த விலங்குகள் திடீரென்று கூட்டமாகச் செத்தன. வில்லியம் ஃபிளெட்சர் அதைக் கவனித்தார். அவரோடு வேலை செய்த ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டேன்டன், தீட்டிய வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஹென்றி ஃபிரேசரோடு சேர்ந்து நிறுவிப் பெயர் பெற்றவர். 1917இல் ஸ்டேன்டன் ஒரு மனித நோயாளியிடமிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளி ஒரு தமிழ் ரப்பர் தோட்டத் தொழிலாளி.

இந்த ஒரு வரியைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. மலாயாவில் இந்த நோயின் மனித வரலாறு ஒரு தமிழரின் உடலில் தொடங்குகிறது. நான் படித்த குறிப்புகளில் அவருக்குப் பெயர் இல்லை. இனமும் தொழிலும் இருக்கின்றன. தாத்தாவின் மருத்துவ அட்டையிலும் முதலில் இருந்தவை அவைதான்: இந்தியர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. நூறு வருட இடைவெளியில் ஒரே மண், ஒரே கிருமி, ஏறக்குறைய ஒரே ஆள்.

1921இல் ஸ்டேன்டனும் ஃபிளெட்சரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். 1932இல் கழகத்தின் வெளியீடாக முழு நூலே எழுதினார்கள். ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதில் தவறிவிட்டார்கள். எலிகளிடமிருந்து பரவுகிறது என்று நம்பினார்கள். மண்ணும் தேங்கிய நீரும்தான் அதன் வீடு என்பது 1950களில் இந்தோசீனாவில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகே தெளிவானது. 1969இல் வெளியான ஓர் ஆய்வு, மலேசியாவின் பல இடங்களில், குறிப்பாக நெல்வயல்களில், இந்தக் கிருமி சாதாரணமாகக் கிடப்பதைக் காட்டியது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் பலவும் அதனிடம் எடுபடாது. 1989இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த சோதனையில்தான் செஃப்டசிடிம் என்ற மருந்து இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37ஆகக் குறைத்தது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள்.

கிருமி எல்லாருடைய காலுக்கடியிலும் இருக்கிறது. ஆனால் எல்லாரும் விழுவதில்லை. விழுபவர்களில் மிகப் பெரிய பங்கு இனிப்புநீர் உள்ளவர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. ஆக, மூவரில் ஒருவருக்குக் கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது.

இதுவரை கிருமியின் கதை. ஆனால் கிருமி உடலில் புகுந்ததால் மட்டும் அந்த எண் அசையாமல் நின்றுவிடவில்லை. கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினை தன் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்துவதற்குப் பெயர் செப்சிஸ். அதைத் தாங்கிக்கொள்ள உடலுக்கு ஒரு ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனைத் தரும் அட்ரினல் சுரப்பி இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான்.

இவ்வளவு சின்ன உறுப்பு இல்லாவிட்டால் மனிதன் பிழைக்க முடியாது என்பதை உலகுக்குச் சொன்னவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன். 1855இல் அவர் எழுதிய சிறு நூலில் வரும் நோயாளிகள் சோர்ந்து, மெலிந்து, தோல் கறுத்து இறந்தவர்கள். அவர்களின் அட்ரினல் சுரப்பி கெட்டிருந்தது. பெரும்பாலும் காசநோயால். 1911இல், விட்மோர் ரங்கூனில் சீழ்க்கட்டிகளைப் பார்த்த அதே வருடம், ரூபர்ட் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கில மருத்துவர் திடீர்த் தொற்றில் சில மணி நேரத்தில் இறந்த ஒரு குழந்தையின் அட்ரினல் சுரப்பிகளில் இரத்தம் கசிந்து நிரம்பியிருந்ததை எழுதினார். 1918இல் டென்மார்க்கின் கார்ல் ஃபிரிடெரிக்சன் அதே மாதிரியான நோயாளியைப் பற்றி எழுதினார். கடும் தொற்றில் இந்தச் சுரப்பி வீழ்ந்தால் ஆள் வீழ்வான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் தாத்தாவின் சுரப்பியில் இரத்தக் கசிவு இல்லை. ஸ்கேனில் அது இருந்த இடத்தில் இருந்தது, கொஞ்சம் சுருங்கி. அதைப் புரிந்துகொள்ள 1948க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, எட்வர்ட் கெண்டல் அட்ரினலிலிருந்து பிரித்தறிந்த பொருளை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதுதான் கார்ட்டிசோன். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. இரண்டே வருடத்தில், 1952இல், இன்னொரு கட்டுரை வந்தது. மூட்டுவாதத்துக்குக் கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீட்க முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தார். திறந்து பார்த்தால் அட்ரினல் சுரப்பி சூம்பியிருந்தது.

மூட்டுவலி, அற்புத மாத்திரை, எழுந்து நடப்பது, பிறகு ஒரு நெருக்கடியில் சரிவது. எங்கள் வீட்டில் 2015க்கும் 2018க்கும் இடையில் நடந்தது 1952லேயே அச்சில் வந்துவிட்டது.

இதன் இயக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் இது நான் தினமும் பார்க்கும் பின்னூட்டச் சுற்றுதான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது அட்ரினலுக்கான கட்டளை. அட்ரினல் செல்லின் மேற்பரப்பில் அதை வாங்கும் ஏற்பி இருக்கிறது, ரிசெப்டர். கட்டளை ஏற்பியில் உட்கார்ந்ததும் செல், கொழுப்பை எடுத்து கார்டிசோல் செய்கிறது. போதுமான கார்டிசோல் இருந்தால் பிட்யூட்டரி கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஏற்பியின் மரபணுவை 1992இல்தான் கண்டுபிடித்தார்கள். செல்லின் உள்ளே தயாராகும் ஏற்பி தானாக மேற்பரப்புக்கு வராது, அதைக் கூட்டிவர ஒரு துணைப் புரதம் வேண்டும் என்பது 2005இல் தெரிந்தது.

இங்கேதான் கிரேனுக்கும் சுரப்பிக்கும் உள்ள வித்தியாசம். கிரேனில் சென்சாரை ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். சுரப்பியில் அப்படி இல்லை. கட்டளை வந்துகொண்டே இருந்தால்தான் செல் ஏற்பிகளைச் செய்துகொண்டே இருக்கும். கட்டளை நின்றால் ஏற்பியும் குறைகிறது, செல்லும் சூம்புகிறது. வெளியிலிருந்து மாத்திரையாக ஸ்டீராய்டு வரும்போது பிட்யூட்டரி, 'ஏற்கெனவே இருக்கே' என்று கட்டளையை நிறுத்திவிடும். மூன்று வருடம் யாரும் கூப்பிடாத சுரப்பி, கேட்பதை நிறுத்திவிட்டது. காய்ச்சலில் மாத்திரையும் இறங்காமல் போனபோது, உள்ளேயும் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை. அழுத்த மருந்து வேலை செய்யக் கொஞ்சமாவது கார்டிசோல் வேண்டும். அது இல்லாததால்தான் எண் அசையவில்லை.

சரி, அந்த மாத்திரையையே சாப்பிடாதவருக்குச் செப்சிஸ் வந்தால்? அவருடைய ஏற்பிகளுக்கும் ஆபத்து உண்டு என்பதுதான் நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொற்றின் முதல் மணி நேரங்களில் ஏ.சி.டி.எச். எகிறுகிறது. கட்டளைக்குக்கூடக் காத்திருக்காமல், கிருமியின் துண்டுகளை நேரடியாக உணரும் ஏற்பிகளும் அட்ரினல் செல்லில் உண்டு. ஆனால் நாட்கள் போகப்போக ஏ.சி.டி.எச். இறங்கிவிடுகிறது. இரத்தத்தில் கார்டிசோல் மட்டும் உயர்ந்தே இருக்கிறது. சுரப்பி கடுமையாக உழைக்கிறது என்றுதான் மருத்துவர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். 2013இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு, உற்பத்தி அவ்வளவு கூடவில்லை, கல்லீரலும் சிறுநீரகமும் கார்டிசோலைச் சிதைப்பதுதான் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. அடுத்த வருடம் அதே குழு, ஐசியூவில் நீண்ட நாள் கிடந்து இறந்தவர்களின் அட்ரினல் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தது. சேமிப்புக் கொழுப்பு தீர்ந்திருந்தது. ஏ.சி.டி.எச். ஏற்பிக்கான மரபணுச் செயல்பாடு பாதிக்கும் கீழே போயிருந்தது. இரத்தத்திலிருந்து கொழுப்பை உள்ளே வாங்கும் ஏற்பிக்கும் அதே கதி. இந்த இரண்டாவது ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், கிருமி நஞ்சைக் கொடுத்ததும் போதிய ஹார்மோன் செய்ய முடியாமல் மற்ற எலிகளைவிட எளிதாகச் செத்தன என்பது 2008லேயே தெரிந்திருந்தது.

அப்படியானால் செப்சிஸ் வந்த எல்லாருக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்துவிடலாமே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அறுபது வருடமாக மருத்துவர்கள் இதில் ஊசலாடியிருக்கிறார்கள். 1976இல் ஓர் ஆய்வு அற்புதம் என்றது, 1987இல் இரண்டு பெரிய ஆய்வுகள் பயனில்லை என்றன. 2002இல் குறைந்த அளவில் கொடுத்தால் பலன் என்று பிரான்சிலிருந்து வந்தது, 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை மறுத்தது. தாத்தா விழுந்த 2018லேயே இரண்டு பெரிய முடிவுகள் வந்தன. பாலசுப்பிரமணியன் வெங்கடேஷ் முதன்மை ஆசிரியராக இருந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 3,800 நோயாளிகளைச் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாளில் இறப்பில் வித்தியாசம் இல்லை, ஆனால் அதிர்ச்சி நிலையிலிருந்து சீக்கிரம் மீண்டார்கள். இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் இறப்பு 49.1 விழுக்காட்டிலிருந்து 43 ஆனது. ஆக, பொதுவான செப்சிஸில் கேள்வி இன்னும் முழுதாக முடியவில்லை. தாத்தாவின் விஷயத்தில் கேள்வியே இல்லை. அவருடையது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தூங்கிப்போன சுரப்பி. டாக்டர் மூன்றாவது முறை கேட்டதன் அர்த்தம் அதுதான்.

அந்தப் போத்தலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மலேசியாவில் பதிவுசெய்த மருந்து எதிலும், பாரம்பரிய மருந்தாகவே இருந்தாலும், 'மால்' என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பொருட்களில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது. அந்த மாத்திரை தாத்தாவுக்கு மூன்று வேலை செய்தது. இனிப்புநீரை ஏற்றியது, கிருமியை எதிர்க்கும் பலத்தைக் குறைத்தது, சுரப்பியைத் தூங்க வைத்தது. நான்காவதாக முட்டிவலியையும் போக்கியது. அதனால்தான் மற்ற மூன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இப்படியொரு போத்தல் இருந்தால், இன்றைக்கே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. போத்தலோடு தாத்தாவையும் பாட்டியையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு ஒன்றரை நாள் போனது.

தாத்தா ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கிருமிக்கு மேலும் மூன்று மாதம் மாத்திரை. சுரப்பிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு ஒரு காலை ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தார்கள். சுரப்பி கட்டளையைக் கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை. முடிவு நன்றாக வந்தது. துறைமுக இரைச்சலில் காது மந்தமானவர் அவர். நான் கத்திச் சொன்னேன்.

"தாத்தா, உங்க சுரப்பி திரும்பக் கேக்குதாம்!"

"அதுக்காச்சும் கேக்குதே" என்றார்.

முட்டிவலி திரும்ப வந்துவிட்டது. பிசியோதெரபி, பதிவுள்ள வலி மாத்திரை, எண்ணெய்த் தேய்ப்பு என்று ஓட்டுகிறோம். மாடியில் இருந்த அவர் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். கீரைப் பாத்திக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான் பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறார்.